மூளையின் அலைகளும் முதியோரின் திடீர்க் குழப்பமும்

(கோல சிலாங்கூர் வட்டார முதியோருக்கு வழங்கிய சுகாதார உரை)

காலையிலேயே வேன் பிடித்தும், பேரப்பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தும் வந்து சேர்ந்திருக்கும் அம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் நன்றி. பேச்சு முடிந்ததும் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் பார்ப்போம். அதனால் பாதியில் யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

கொஞ்ச நாளைக்கு முன் கிளினிக்கிற்கு ஓர் அம்மா வந்திருந்தார். பெரிய மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு சோதனை எடுத்திருந்தார்கள். இ.இ.ஜி. என்று சொல்வோம்; மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. மகன் மருந்து வாங்க வெளியே போனதும், அவர் மெதுவாக என் பக்கம் குனிந்து கேட்டார்: "டாக்டரம்மா, மண்டையில ஒயர் வச்சுப் பார்த்தாங்களே, நான் மருமகளைப் பத்தி மனசுல நினைக்கிறதெல்லாம் அதுல தெரிஞ்சிருமா?"

சிரிக்கிறீர்கள். ஆனால் அது நல்ல கேள்வி. தெரியாது என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை அந்தக் கருவி காட்டாது. உங்கள் மூளை விழித்திருக்கிறதா, உறங்குகிறதா, தடுமாறுகிறதா என்பதைக் காட்டும். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த மூன்றாவதைப் பற்றி, அந்தத் தடுமாற்றத்தைப் பற்றி. அதற்கு முன் மூளையின் அலை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். நம்மில் பலர் ஐந்து மைல் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு முறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போனவர்களுக்குத் தெரியும். ஒரு பூச்சி தனியாக மின்னினால் அக்கரையில் இருந்து பார்க்க முடியாது. ஒரு பெரம்பாங் மரத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பூச்சிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணைந்தால், மரமே மூச்சு விடுவது போலத் தூரத்தில் இருந்தே தெரியும்.

மூளையும் அப்படித்தான். அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிக மிகச் சிறிய மின்சாரத்தால் பக்கத்து அணுவோடு பேசுகிறது. ஓர் அணுவின் மின்சாரம் மண்டை ஓட்டைத் தாண்டி வெளியே தெரியாது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் தலைத்தோலில் ஓர் அலையாகத் தெரிகிறது. அதுவும் எவ்வளவு? டார்ச்லைட் பேட்டரி ஒன்றரை வோல்ட். தலைத்தோலில் கிடைப்பது அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

இதை மனிதத் தலையில் முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். ஆண்டு 1924. ஐந்து ஆண்டுகள் யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துவிட்டு 1929இல்தான் வெளியிட்டார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெர்கர் இளைஞராகப் படைப் பயிற்சியில் இருந்தபோது குதிரையில் இருந்து விழுந்து சாவின் விளிம்பு வரை போனார். அன்றைக்கே, தொலைவில் இருந்த அவருடைய சகோதரிக்கு மனம் படபடத்து, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டில் தந்தி கொடுக்கச் சொன்னாராம். ஒரு மனம் இன்னொரு மனதிற்கு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்று தேடித்தான் அவர் மூளையை ஆராயப் போனார். அந்தத் தந்தியின் இரகசியம் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு.

அவர் கண்டுபிடித்ததை இப்போது நாம் எல்லாரும் செய்து பார்ப்போம். கண்ணை மூடுங்கள். உடம்பைத் தளர்த்துங்கள். தூங்கிவிடாதீர்கள், ஐயா, பின் வரிசையில். இப்போது உங்கள் தலையின் பின்பக்கத்தில் நொடிக்கு எட்டில் இருந்து பதின்மூன்று முறை எழுந்து இறங்கும் ஓர் அலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்ஃபா அலை என்று பெயர். சரி, கண்ணைத் திறங்கள். அந்த அலை அடங்கிவிட்டது. பார்ப்பதற்கு வேலை வந்ததும் அணுக்கள் அவரவர் வேலைக்குக் கலைந்துவிட்டன. பிரட்டில் ஒன்றாக நின்ற ஆட்கள், பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் போவது போல.

தூக்கம் வரும்போது அலைகள் மெதுவாகும். ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவாக, ஆனால் பெரிய பெரிய அலைகளாக வரும். வயதாக ஆக இந்த ஆழ்ந்த தூக்கம் எல்லாருக்கும் குறையும். அதனால்தான் இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வருகிறது, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். இத்தனை வருடம் இருட்டோடு எழுந்து வெட்டுக்குப் போன உடம்பு, அது வேறு. இதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மனதின் நிலைக்கும் அலைக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி உங்களுக்குப் பிடிக்கும். 1961இல் புதுடில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் என்ற மூவர், தியானத்தில் இருந்த யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சாதாரணமாக, கண்ணை மூடி அமர்ந்திருப்பவர் பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டாலே ஆல்ஃபா அலை கலைந்துவிடும். இந்த யோகிகளுக்குத் தியானத்தின்போது கலையவில்லை. இரண்டு பேர் பனிக்கட்டி போன்ற 4 டிகிரித் தண்ணீரில் முக்கால் மணி நேரத்திற்கும் மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் அலை அப்படியே ஓடியது. அவர்கள் எதைத் தியானித்தார்கள் என்பது காகிதத்தில் வரவில்லை. மனம் வெளியே ஓடாமல் இருந்தது என்பது மட்டும் வந்தது.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன்.

நான் ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். என் பாட்டி பால் மரம் வெட்டினார், பிறகு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினார். எழுபத்தாறு வயதிலும் வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் அவரிடம்தான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் திடீரென்று மாறிப்போனார். இறந்துபோன தாத்தாவைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். சுவரில் எறும்பு போகிறது என்று கையால் தட்டினார். என் அம்மாவைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டார். மறுநாள் காலை ஓரளவு தெளிவு. இரவானதும் திரும்பவும் அதே ஆட்டம்.

லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். செம்பனைக் காட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்றார்கள். தாத்தா கூப்பிடுகிறார் என்றார்கள். அப்பா மட்டும், "வயசாச்சு, புத்தி மங்குது" என்று விட்டுவிட்டார். மந்திரிக்க அழைத்துப் போனார்கள், கையில் கயிறு கட்டினார்கள். நான்காவது நாள் பாட்டி எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. சிறுநீரில் கிருமி, அது இரத்தத்தில் கலந்துவிட்டது. பாட்டி பிழைத்தார், ஆனால் பழைய பாட்டி முழுதாகத் திரும்பி வரவில்லை. சில்லறை எண்ணும் கை போய்விட்டது. அந்த நான்கு நாளை நினைத்து என் அம்மா இன்றைக்கும் வருந்துவார். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவருக்கு வந்ததை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். தமிழில் திடீர்க் குழப்பம் என்று வைத்துக்கொள்வோம். 1940களில் அமெரிக்காவில் ஜார்ஜ் எங்கல், ஜான் ரொமானோ என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். விழித்திருக்கும்போதே அலைகள் மெதுவாகிவிட்டிருந்தன. குழப்பம் அதிகமாக அதிகமாக அலை மெதுவானது. அடிப்படைக் காரணத்தைச் சரிசெய்ததும், சிலருக்குப் பிராணவாயுவோ சர்க்கரைச் சத்தோ கொடுத்ததும், அலை வேகம் பிடித்தது, ஆளும் தெளிந்தார். மூளை பட்டினி கிடக்கிறது, அல்லது உடம்பில் ஓடும் நஞ்சில் ஊறிக் கிடக்கிறது என்பதற்கு அந்த மெதுவான அலைதான் சாட்சி. நம் நாட்டிலும் பார்த்தோம். 1998, 1999இல் நிப்பா கிருமி பரவிப் பன்றிப் பண்ணைகளை அழித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 105 பேர் இறந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த நோயாளிகளுக்கு இ.இ.ஜி. எடுத்தபோது, மயக்கத்தில் கிடந்தவர்களின் அலைகள் மெதுவாகிக் கிடந்தன.

சரி, வீட்டில் நம்மிடம் கருவி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியே வேண்டாம், திடீர்க் குழப்பத்தை மருத்துவர்களும் பெரும்பாலும் கருவி இல்லாமல்தான் கண்டுபிடிக்கிறோம். மூன்று விஷயம் பாருங்கள். மாற்றம் திடீரென்று வந்ததா, அதாவது சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில்? ஏறி இறங்குகிறதா, காலையில் சரி, இரவில் மோசம் என்று? கவனம் ஒரு இடத்தில் நிற்கிறதா? கடைசியைச் சோதிக்க எளிய வழி, வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன் என்று. போன வாரம் சுலபமாகச் சொன்னவர் இன்றைக்கு வெள்ளியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மறதி நோய் அப்படி வராது. அது மாதங்கள், வருடங்களாக மெதுவாக ஏறும். "வயசாச்சு" என்பது வியாழக்கிழமை சாயங்காலம் வருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். குழப்பம் வந்த முதியவர்களில் பலர் கத்துவதே இல்லை. சும்மா படுத்திருப்பார்கள், கூப்பிட்டால் ஒரு வார்த்தை, திரும்பவும் கண் மூடல், சாப்பாடு வேண்டாம். "பாட்டி நல்லா ரெஸ்ட் எடுக்குறாங்க" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். இதுதான் அதிக ஆபத்து.

காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, வயிற்றுப்போக்கு, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு. இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருப்பது. சர்க்கரை இறங்கினால் மூளைக்கு உடனே தெரியும். கோயில் திருவிழாவிற்கு விரதம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள், மருந்து நேரத்தை மாற்றித் தருவோம். விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

பிறகு மருந்துகள். நான் தூக்க மாத்திரையைச் சொன்னேன் அல்லவா? அதுவும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்து, அரிப்பு மாத்திரை ஆகியவையும் முதியவர் மூளையை நேரடியாக மந்தப்படுத்தும். வாலிபருக்கு ஒரு நல்ல தூக்கம். எழுபது வயதுக்காரருக்கு இரண்டு நாள் குழப்பம், நடுவில் ஒரு விழுகை, இடுப்பு எலும்பு முறிவு. கிளினிக்கிற்கு வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கிய சூரணம் லேகியம் உட்பட, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டோம்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயாமார்கள் தரையைப் பார்க்க வேண்டாம். பல வருடம் தினமும் சம்சு குடித்தவர் ஒரு நாள் வீறாப்பாக நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. நிறுத்துவது நல்லது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

முகம் கோணினாலோ, ஒரு கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், உடனே 999. குழப்பத்தோடு காய்ச்சலும் மயக்கமும் இருந்தாலும் அப்படித்தான். மருத்துவமனையில் "அப்பா போன வாரம் எப்படி இருந்தார்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உங்களைத் தவிர அங்கே யாருக்கும் அது தெரியாது. சொல்லாவிட்டால், இவர் எப்போதுமே இப்படித்தான் என்று நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது கருவியையும் எடுத்துப் போங்கள். பார்வையும் காதும் இல்லாதவர் புது இடத்தில் இன்னும் தடுமாறுவார்.

வலிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்மினிகள் சேர்ந்து மின்னுவது அழகு. மூளையின் அணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றாகச் சேர்ந்து பாய்ந்தால் அதுதான் வலிப்பு. இ.இ.ஜி.யின் பெரிய உபயோகம் இங்கேதான். முதியவருக்கு வரும் வலிப்பு எப்போதும் கை கால் உதறி நுரை தள்ளாது. சில நிமிடம் ஒரே பக்கம் வெறித்துப் பார்ப்பார், வாயை மென்றுகொண்டிருப்பார், சட்டைப் பொத்தானைத் தடவுவார், பிறகு ஒன்றும் தெரியாது என்பார். இதைப் பார்த்தால் கைப்பேசியில் படம் பிடித்து எங்களிடம் காட்டுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். கை கால் உதறினால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் ஒரு துணி வையுங்கள். வாயில் கரண்டி, விரல் எதுவும் வைக்கக்கூடாது. சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில் கொடுப்பது நம் பழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். சாவியைத் தேடுகிற கையால் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. வலிப்பு உள்ளவர் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. ஆற்றில், குளத்தில் தனியாக இறங்கவும் கூடாது.

மறதிக்கும் மனச்சோர்வுக்கும் வருகிறேன். சுகாதார அமைச்சு 2018இல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த தேசிய ஆய்வில், நூற்றில் 8.5 பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. மனச்சோர்வு அறிகுறி நூற்றில் 11.2 பேருக்கு. இரண்டாவது எண் பெரியது, ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. தோட்டம் விற்கப்பட்டுப் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலத்திற்கும் போய்விட்ட பிறகு, லயத்தில் பக்கத்துக் கதவைத் தட்டிய ஆள் இன்று தாமானில் நாள் முழுக்க டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் மறக்கிறது, எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு ருசிக்கவில்லை. மறதி நோய் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்ததும் மறதியும் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, காது கேளாமை ஆகியவையும் இப்படியே காட்டும். இரத்தச் சோதனையில் தெரிவது ஒன்று, காதில் அழுக்கு எடுத்தால் தீர்வது ஒன்று. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அமைச்சின் ஹீல் எண் 15555. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள், 999ஐக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

ஐயா கேட்கிறார்: இந்த ஒயர் சோதனையை எடுத்தால் எனக்கு மறதி நோய் வருமா என்று முன்னாலேயே தெரியுமா? தெரியாது, ஐயா. மறதி நோயிலும் அலை மெதுவாகும். அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. உங்களோடு பேசி, ஞாபகத்தைச் சோதித்து, வீட்டாரைக் கேட்டு, இரத்தமும் தேவைப்பட்டால் மூளைப் படமும் பார்த்துத்தான் சொல்வோம்.

பக்கத்தில் இருக்கும் அம்மா, அது கரண்டு வைப்பது தானே என்று கேட்கிறார். தஞ்சோங் ரம்புத்தான் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும். இல்லை, அம்மா. இந்தச் சோதனையில் கருவி உங்கள் தலைக்குள் எதையும் அனுப்புவதில்லை. மருத்துவர் நாடியைத் தொட்டுப் பார்ப்பது போல, உள்ளே இருப்பதைக் கேட்கிறது. இருபது சொச்சம் சிறு வில்லைகளைப் பசையால் தலையில் ஒட்டுவார்கள். அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கண்ணை மூடு, திற என்பார்கள். ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். விளக்கை மினுக்கிக் காட்டுவார்கள். வலிக்காது. வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக அந்த அம்மா. எண்ணெய் வைத்துக்கொண்டு போகலாமா என்கிறார். கூடாது, அம்மா. முதல் நாள் இரவே சீயக்காயோ ஷாம்புவோ போட்டு நன்றாகத் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் தடவாமல் போக வேண்டும். எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது, அலை பிடிபடாது. சோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் திரும்பக் குளித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தே தாரே தயாராகிவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனி ஃபிளாஸ்க் இருக்கிறது, பச்சை மூடி. இரத்த அழுத்தம் பார்க்க வலது பக்க மேசைக்கு வாருங்கள்.